காருக்கு 135 சதுர அடி... ஷூ தைக்கிற அக்காவுக்கு?

ஒரு கார் நிற்க எவ்வளவு இடம் வேண்டும் தெரியுமா? தமிழ்நாடு அரசு இதற்கு அளவே வைத்திருக்கிறது. 2019-ம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, ஒரு கார் நிறுத்துமிடம் 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் இருக்க வேண்டும். பெருக்கினால் 12.5 சதுர மீட்டர். நம் வீட்டுக் கணக்கில் சுமார் 135 சதுர அடி. டூ வீலருக்கு 1 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் நீளம்.

சரி, மனிதருக்கு? தேசியக் கட்டட விதித் தொகுப்பு, ஒரே அறை கொண்ட வீடென்றால் அந்த அறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. அதாவது, ஒரு குடும்பம் வாழ விதி கேட்கும் குறைந்தபட்ச அறையை ஒரு கார் நிற்கும் இடத்தில் வைத்துவிட்டு, மிச்ச இடத்தில் ஒரு பைக்கையும் நிறுத்திவிடலாம். கணக்கு அப்படித்தான் வருகிறது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் உலகத்தில் நிறைய பேர். அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில், 2014-ல் ஒரு கலை, வடிவமைப்புக் கல்லூரி தன்னுடைய அடுக்கு பார்க்கிங் கட்டடத்துக்குள்ளேயே மூன்று குட்டி வீடுகளைக் கட்டியது. ஒவ்வொன்றும் ஒரு கார் இடம், 135 சதுர அடி. படுக்கை, சமையல் மேடை, குளியலறை எல்லாம் அதற்குள். மாணவர்கள் தங்கிப் பார்த்தார்கள். பக்கத்துக் கார் இடத்தில் செடி வளர்த்தார்கள். படங்களைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ‘நகரத்தில் இடமே இல்லை’ என்று சொல்கிறோமே, இருக்கிற இடத்தில் இரும்பை நிறுத்தி வைத்திருக்கிறோம், ஆளை வைக்கலாமே என்பதுதான் அவர்கள் வாதம்.

இந்த யோசனையை நம் வேலூர், ஆம்பூர் பக்கம் கொண்டுவந்தால் என்ன ஆகும்? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒன்று. ஆம்பூரில் விசாலமான பார்க்கிங் எங்கே என்று கேட்டால், யாரும் கம்பெனியைக் காட்ட மாட்டார்கள். பைபாஸில் இருக்கும் பிரியாணிக் கடையைக் காட்டுவார்கள். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிற கார்கள் ஒரு தட்டு பிரியாணிக்காக ஒதுங்கும் இடங்கள் அவை. சில கடைகளில் சாப்பிடும் ஹாலைவிட வெளியே கார் நிற்கும் இடம் பெரிது. ஊருக்குள் வந்தால் நிலைமை தலைகீழ். காலையில் கம்பெனி பஸ்களும் வேன்களும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கும். ஷூ கம்பெனிகளில் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இருட்டும் நேரத்தில் மறுபடி வேன். வேலைக்குப் போக ஆகும் நேரம், வர ஆகும் நேரம், ஊரில் இறங்கி வீட்டுக்கு நடக்கும் தூரம் எதுவும் சம்பளக் கணக்கில் சேராது.

கம்பெனிக்குள் போகாமல் வீட்டிலேயே ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுக்கும் பெண்களும் இந்தப் பகுதியில் உண்டு. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அவர்களுக்கு வீடுதான் தொழிற்சாலை. அந்த வீட்டில் எத்தனை சதுர அடி என்று எந்த விதியும் கேட்டதில்லை.

எங்கே தூங்கினார்கள்?

ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31-ம் தேதி அதிகாலை நடந்ததை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். சிட்கோ தொழிற்பேட்டையில், தோல் ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து விழுந்தது. பக்கத்தில் இருந்த தோல் ஆலைக்குள் சேறு பாய்ந்தது. அங்கே தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள்.

அப்போது எல்லோரும் சுவரைப் பற்றிப் பேசினார்கள். அனுமதி இருந்ததா, கட்டுமானம் சரியா, யார் பொறுப்பு என்றெல்லாம் விவாதம் நடந்தது. அதெல்லாம் அவசியமான கேள்விகள்தான். ஆனால், வேலை முடிந்த பிறகும் பத்து பேர் ஏன் ஆலைக்குள்ளேயே படுத்திருந்தார்கள் என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. வேறு எங்கே படுப்பது என்பதுதான் அதற்குப் பதில்.

1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேன்டீன் வேண்டும், 150 பேருக்கு மேல் என்றால் ஓய்வறை வேண்டும், 30 பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று சொன்னது. தங்க வீடு வேண்டும் என்று சொல்லவில்லை. மலையேறினால் சட்டம் வேறு. வால்பாறையிலோ குன்னூரிலோ தேயிலை பறிப்பவர்களுக்கு, 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி நிர்வாகம் வீடு கொடுத்தாக வேண்டியிருந்தது. அந்த லயன் வீடுகளின் லட்சணம் தனிக் கதை. ஆனாலும் கேட்பதற்கு ஒரு சட்டம் இருந்தது. மலைக்குக் கீழே தோல் பதனிடுபவருக்கும் ஷூ தைப்பவருக்கும் அதுகூட இல்லை.

இதே நெடுஞ்சாலையில் கொஞ்சம் சென்னைப் பக்கம் போனால் ஸ்ரீபெரும்புதூர். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அதன் பிறகு தொழிலாளர் விடுதி என்பது பெரிய பேசுபொருளானது. 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய குடியிருப்பை முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார். 18,720 பெண்கள் தங்கலாம். செலவு ரூ.706.50 கோடி.

கால்குலேட்டரைத் தட்டினேன். ஒரு படுக்கைக்கு ரூ.3 லட்சத்து 77 ஆயிரம். கிட்டத்தட்ட, ஷோரூமில் நிற்கும் மிகச் சிறிய காரின் விலை.

காரை எங்கே நிறுத்துவதாம்?

‘ஏம்ப்பா, கார் நிறுத்துற இடத்துல ஆளைப் படுக்கவெச்சா, காரை எங்க கொண்டுபோய் நிறுத்துறது?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வேலூர் ஆற்காடு சாலையில் சி.எம்.சி பக்கம் ஒரு நாள் காரோடு போனவர்கள் இன்னும் சத்தமாகவே கேட்பார்கள்.

இதற்கு ஜெர்மனியின் மியூனிக் நகரம் ஒரு பதில் வைத்திருக்கிறது. அங்கே டான்டேபாட் என்ற நீச்சல் குளத்துக்கு எதிரே ஒரு பொது பார்க்கிங் மைதானம். வெயிலில் கிடந்த வெறும் தார்த்தரை. 2016-ல் நகராட்சியின் வீட்டு வசதி நிறுவனம், அந்த மைதானத்தில் தூண்களை நட்டு, மேலே நான்கு அடுக்கில் 100 சிறு வீடுகளைக் கட்டியது. மரப் பலகைகளை ஆலையில் செய்து கொண்டுவந்து பொருத்தியதால் ஒரு வருடத்துக்குள் வேலை முடிந்தது. கீழே கார்கள் பெரும்பாலும் பழையபடியே நிற்கின்றன. மேலே வருமானம் குறைந்தவர்களும் அகதிகளாக வந்தவர்களும் குடியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இதையே சின்ன அளவில் செய்தார்கள். மாநகராட்சி பார்க்கிங்குக்கு மேலே 11 வீடுகள்.

எனக்கு அட்லாண்டாவைவிட மியூனிக்தான் பிடித்திருக்கிறது. காரணம், உயரம். நம் விதித் தொகுப்பின்படி மனிதர் வசிக்கும் அறைக்கு 2.75 மீட்டர் உயரம் வேண்டும். பார்க்கிங் தளங்கள் பெரும்பாலும் அதைவிடத் தாழ்வு. வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மே மாதத்தில், தாழ்வான கான்கிரீட்டுக்கு அடியில், ஜன்னல் இல்லாமல், வண்டிப் புகையோடு ஒருவரைத் தங்கச் சொல்வது குடியிருப்பு ஆகாது. பார்க்கிங்குக்கு உள்ளே வேண்டாம். பார்க்கிங்குக்கு மேலே போகலாம்.

அப்படி மேலே போக இடம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. ரயில் நிலையங்களை ஒட்டிய டூ வீலர் ஸ்டாண்டுகளை நினைத்துப் பாருங்கள். காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி என்று எல்லா ஊரிலும் உண்டு. தகரக் கூரை அல்லது திறந்த வானம். கீழே வரிசையாகப் பைக்குகள். பேருந்து நிலையத்தை ஒட்டிய நகராட்சி ஸ்டாண்டுகளும் இப்படித்தான். நிலம் பொதுச் சொத்து. தண்ணீர், மின்சாரம், பஸ், ரயில் எல்லாம் பக்கத்தில். கம்பெனி வேன் வந்து நிற்கும் இடமும் அதுதான்.

தோராயமாக ஒரு கணக்கு. டெல்லி மாஸ்டர் பிளானில், திறந்தவெளியில் ஒரு காருக்கு, வந்துபோகும் பாதையையும் சேர்த்து, 23 சதுர மீட்டர் என்று வைக்கிறார்கள். 100 கார் நிற்கும் மைதானம் என்றால் 2,300 சதுர மீட்டர். அதில் பாதிப் பரப்பின் மேல் மட்டும் நான்கு தளம் கட்டினாலே 4,600 சதுர மீட்டர். சமையலறை, குளியலறை, நடைபாதை எல்லாம் சேர்த்து தலைக்கு 10 சதுர மீட்டர் கொடுத்தால் 460 பேர் தங்கலாம். கீழே ஒரு சில கார்களின் இடம் தூணுக்குப் போகும். அவ்வளவுதான்.

பகிர்ந்து வாழ்வது வேலூருக்குப் புதிதும் அல்ல. சி.எம்.சி-யைச் சுற்றியிருக்கும் லாட்ஜ்களில், வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த நோயாளிகளின் குடும்பங்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்குகின்றன. அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். கடைப் பலகைகளில் வங்காள எழுத்து. ஒரு தளத்துக்கு ஒரு மொழி, ஒரு மீன் குழம்பு. இப்படி ஒரு கூட்டு வாழ்க்கையை எந்தத் திட்டமும் இல்லாமல் இந்த ஊர் பல வருடங்களாக நடத்தி வருகிறது. 

ஆனால், ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தீ.

2022 மார்ச்சில் வேலூரிலேயே, இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த எலெக்ட்ரிக் பைக் தீப்பிடித்து, புகையில் சிக்கி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 12 அன்று செகந்திராபாத்தில், கீழ்த்தளத்தில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஷோரூம், மேலே லாட்ஜ் என்று இருந்த கட்டடத்தில் தீப்பிடித்து, லாட்ஜில் தங்கியிருந்த எட்டு பேர் இறந்தார்கள். கீழே வண்டி, மேலே தூங்கும் மனிதர்கள் என்ற அமைப்பின் ஆபத்து இதுதான். புகை மேலேதான் போகும். படிக்கட்டு வழியாகத்தான் போகும். எனவே, வண்டிகளுக்கு நடுவே இறங்கும் ஒரே ஒரு படிக்கட்டு என்று எவரேனும் வரைபடம் நீட்டினால் கிழித்துப் போட்டுவிடலாம். இடையில் முழுக் கான்கிரீட் தளம், வெளிப்பக்கம் திறக்கும் இரண்டு படிக்கட்டுகள், சார்ஜ் போடும் இடம் கட்டடத்துக்கு அடியில் இல்லாமல் தள்ளித் திறந்தவெளியில். இந்த மூன்றும் இல்லையென்றால், இப்போது இருக்கிற வேன் பயணமே மேல்.

கத்தரிக்காய் கதை

யோசனையின் இன்னொரு பாதி, விவசாயம். வீடு கட்டுவதைவிட இது எளிது என்று தோன்றும். தோல் பட்டையில் இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை, சுற்றுச்சூழல் படிக்கிற எந்த மாணவரும் தாண்டிப் போக முடியாது. ‘மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும்’ என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. தோல் ஆலைகள் இருக்கும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிர்செய்ய லாயக்கற்றுப் போய்விட்டது என்ற கணக்கு அதில் இருக்கிறது. அதன் பிறகு சுமார் 30 வருடங்கள் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்பு சொல்லி, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கவும் ஒரு குழு அமைக்கவும் உத்தரவிட வேண்டியிருந்தது என்றால், பிரச்னை முடிந்துவிடவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

அதனால், ‘பார்க்கிங் தரையை உடைத்து மண்ணைத் தோண்டிக் கீரை போடுவோம்’ என்று யாராவது ஆர்வமாகக் கிளம்பினால், கொஞ்சம் நிறுத்துங்கள். இந்தப் பகுதியில் எந்த மண், எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று பரிசோதிக்காமல் சாப்பாட்டுப் பயிர் வைக்கக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், இங்கே தார்த்தரை ஒரு வசதி. தரைக்கும் செடிக்கும் சம்பந்தம் இல்லாமல், பையில் தென்னை நார்க்கழிவும் தொழுவுரமும் போட்டு, மழைநீரிலோ குழாய்த் தண்ணீரிலோ வளர்த்தால், அடியில் இருக்கும் மண்ணின் பழைய பாவம் செடிக்கு ஏறாது. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித் தோட்டத் தளைகள் இந்த முறையில்தான் அமைந்தவை.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது சிங்கப்பூர். அங்கே வீவக என்று தமிழர்கள் சொல்லும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளுக்குப் பக்கத்தில் பலமாடி கார் நிறுத்துமிடங்கள் இருக்கும். அவற்றின் உச்சித் தளம் வெயிலால் காலியாகவே கிடக்கும். 2019-ல் அங் மோ கியோவில் அப்படி ஒரு மொட்டைத்தளத்தில் வணிகப் பண்ணை வந்தது. 1,800 சதுர மீட்டர். கீரை பறித்துக் கீழ் வீடுகளுக்கே விற்றார்கள். 2020-ல் அரசு இன்னும் ஒன்பது இடங்களை டெண்டர் விட்டது.

பாரிஸில் இதற்கு நேர்மாறு. 2017-ல் குடியிருப்பு ஒன்றின் அடியில் கைவிடப்பட்ட நிலத்தடி பார்க்கிங்கில் காளான் வளர்த்தார்கள். இருட்டும் ஈரமும் காளானுக்கு வசதி. நம் வேலூர்ச் சூட்டில் காளானா என்று சிரிக்க வேண்டாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஏபிகே 2 என்ற பால் காளான் ரகம் 30 முதல் 35 டிகிரியில் வளரக்கூடியது. அருப்புக்கோட்டையின் பெயரைத் தாங்கிய ரகம், வெயிலுக்குப் பயப்படுமா என்ன! காளான் பிடிக்கும் இடத்தில் வண்டிப் புகை கூடாது என்பது மட்டும் நிபந்தனை. மகளிர் குழு ஒன்றுக்கு ஓர் அடித்தளம் கிடைத்தால் ஆரம்பித்துவிடலாம்.

மறுபடி பிரியாணிக் கடைக்கு வருகிறேன். ஆம்பூர் பிரியாணி என்றால் தட்டோரம் கத்தரிக்காய் இருந்தாக வேண்டும். வேலூர் மாவட்டத்துக்கு என்றே இலவம்பாடி முள்ளுக் கத்தரி இருக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கத்தரி. கத்தரி, பைகளில் நன்றாக வரும் செடி. பைபாஸ் கடைகளின் பார்க்கிங்குக்கு நிழல் கூரை போட்டு, மேலே வரிசையாகப் பை வைத்தால், கீழே காருக்கு நிழல், மேலே கத்தரி. முழுக் கடைக்கும் அது போதுமா என்றால் போதாது. பிரியாணிக் கடையின் பசி நமக்குத் தெரியாதா! ஆனால், ‘எங்க கூரையில காய்ச்சது’ என்று ஒரு போர்டு வைக்கலாம். பெங்களூரு கார்கள் நின்று செல்ஃபி எடுக்கும்.

‘எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஓர் அறை கட்டி வாடகைக்கு விடலாமா?’ என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூடாது. ஸ்டில்ட் பார்க்கிங் என்பது குடியிருப்பவர்கள் எல்லோருக்குமான பொது இடம், அதைக் கட்டியவர் தனியாக விற்கவே முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. அனுமதி வாங்கிய வரைபடத்தில் பார்க்கிங் என்று இருப்பதை அறையாக்கினால் அது விதிமீறல். நான்கு தொட்டி வைத்துப் புதினா வளர்க்க, சங்கத்திடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் பனப்பாக்கம். ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊர் சிப்காட்டில், 2024 செப்டம்பர் 28 அன்று டாடா மோட்டார்ஸின் ரூ.9,000 கோடி கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். டிசம்பர் 16 அன்று அதே சிப்காட்டில், தைவானின் ஹாங் ஃபூ குழுமத்தின் ரூ.1,500 கோடி ஷூ ஆலைக்கு அடிக்கல். கார் ஆலையில் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் வாகனங்கள் வரை செய்யலாம். ஷூ ஆலையில் 25,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு. இதற்கு முன்பே, 2022-ல் வந்த காலணிக் கொள்கை மாநிலம் முழுவதும் 2 லட்சம் வேலைகளை இலக்காக வைத்திருந்தது.

இரண்டரை லட்சம் வாகனங்கள் எங்கெங்கோ போய் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் எந்த ஊரிலும் 12.5 சதுர மீட்டர் எழுதி வைத்தாயிற்று. அந்த 25,000 பேரில் எத்தனை பேர் வேனில் வருவார்கள், எத்தனை பேர் தங்குவார்கள், எங்கே தங்குவார்கள் என்பதை நெமிலி, அரக்கோணம், ஆற்காடு பக்கம் வீட்டுக்கு ‘டு-லெட்’ போர்டு மாட்டுகிறவர்கள் முடிவு செய்வதற்கு முன், சிப்காட்டும் நகராட்சிகளும் முடிவு செய்ய வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் விடுதிச் சாப்பாட்டுக்காகப் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார வேண்டியிருந்தது.